சேல்ஸ் டிகிரிக்குக் கடன்: குடும்பக் குழுவில் ஓடின கணக்கு

நான்: சேல்ஸ் மேனேஜ்மென்ட் டிகிரி, 3 வருஷம். முழுக்கக் கடன்லதான் படிக்கணும். கணக்கு லேசா இருக்கட்டும்னு ஒரு வருஷச் செலவை, ஃபீஸ் ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து, 100னு வெச்சுக்கறேன். ஆக கடன் 300. கல்லூரி பிரசுரத்துல சராசரிச் சம்பளம் வருஷத்துக்கு 360னு போட்டிருக்கு. ஒரு வருஷச் சம்பளத்துக்குள்ளயே கடன் அடங்கிடுது. எடுக்கலாம்தானே?

சித்தப்பா: கடன் 300 இல்ல, 375.

நான்: எப்படி சித்தப்பா?

சித்தப்பா: வட்டி 10 சதவீதம், படிக்கிற வரைக்கும் தனிவட்டின்னு வை. படிப்பு முடிஞ்சு 6 மாசம் தவணை இல்லைன்னா முதல் வருஷம் எடுக்கற 100க்கு மூணரை வருஷ வட்டி, அதாவது 35. ரெண்டாவது 100க்கு 25. மூணாவதுக்கு 15. மொத்தம் 75. அதை அசலோட சேர்த்துட்டு அப்புறம்தான் இஎம்ஐ போடுவாங்க. 10 வருஷத்துக்கு மாசம் 4.96. முடியறப்ப நீ கட்டியிருக்கறது 595.

அப்பா: 300 வாங்கி 595ஆ!

சித்தப்பா: ஆமாண்ணா. தவணை பாரமா இருக்குன்னு 15 வருஷத்துக்கு நீட்டினா மாசம் 4.03 ஆகும், மொத்தம் 725க்கு ஏறிடும். 10 வருஷமே வெச்சுக்கிட்டு, படிக்கறப்பவே வட்டியை மட்டும் அப்பப்ப கட்டிட்டு வந்தா எல்லாம் சேர்த்து 551ல முடியும். வட்டி மாறும் வட்டியா நிலை வட்டியான்னும் பாக்கணும். தவணை ஆரம்பிக்கறப்ப 12 ஆயிடுச்சுன்னா 4.96 இருந்த இடத்துல 5.38.

அத்தை: கடன் பக்கம் சரி. நான் சம்பளப் பக்கம் வர்றேன். அந்த 360ல நிலைச் சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ், அதாவது விற்பனைக்கு ஏத்த ஊக்கத்தொகை, எவ்வளவுன்னு போட்டிருக்கா?

நான்: இல்ல அத்தை. "ஆண்டு வருமானம்"னு மட்டும் இருக்கு.

அத்தை: அதானே பார்த்தேன். சேல்ஸ்ல இந்தத் தொகைக்கு அர்த்தம், டார்கெட்டை முழுசா அடிச்சா வர்றதுன்னு. நிலைச் சம்பளம் 60 சதவீதம், இன்சென்டிவ் 40னு பிரிச்சிருந்தா மாசம் 30ல 18தான் நிச்சயம். பிடித்தம் போக கைக்கு 16னு வை. இஎம்ஐ 4.96ஐ 30ஓட வெச்சுப் பார்த்தா 17 சதவீதம்கூட வராது. 16ஓட வெச்சுப் பார்த்தா 31 சதவீதம். வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

சித்தப்பா: கைக்கு வர்ற நிலைச் சம்பளத்துல 20 சதவீதத்துக்கு மேல தவணை போகக் கூடாதுன்னு வெச்சுக்கோ. திருப்பிக் கணக்குப் போட்டா மாசம் 25 வரணும், வருஷத்துக்கு 300. அதாவது நீ எடுக்கற அசல் = ஒரு வருஷ நிலைச் சம்பளம், கைக்கு வர்ற அளவுல. நீ போட்ட விதி சரிதான் கண்ணு. தப்பான சம்பளத்தோட போட்டுப் பார்த்துட்ட.

நான்: ஆனா மிச்சம் 40 சதவீதத்துல பாதியாவது வராதா?

அத்தை: டார்கெட்ல 70 சதவீதம் அடிச்சா இன்சென்டிவும் 70 சதவீதம் வரும்னு நினைக்காத. நிறைய திட்டத்துல ஒரு கீழ்வரம்பு இருக்கும். அதைத் தொடலைன்னா சுழி. புதுசா சேர்றவங்களுக்கு முதல் 3 மாசம், சில துறையில 6 மாசம், விற்பனையே ஆகாது. பொருளைக் கத்துக்கணும், ஆளைப் பிடிக்கணும். வேலை கிடைக்கக் கொஞ்சம் தாமதமானா உன் இஎம்ஐயும் அந்த நேரத்துலதான் ஆரம்பிக்கும்.

அந்த மாசங்களுக்கு சில கம்பெனி "கமிஷன் அட்வான்ஸ்" கொடுப்பாங்க. திருப்பிப் பிடிக்கிற அட்வான்ஸா இல்லையான்னு கட்டாயம் கேளு. மாசம் 5ன்னு 4 மாசம் வாங்கற, நீ நிஜமா சம்பாதிச்சது மாசம் 2ன்னா, 12 கம்பெனிக்குக் கடன்பட்டிருப்ப. பின்னாடி வர்ற கமிஷன்ல கழிப்பாங்க. கல்விக் கடன் மேல இன்னொரு கடன்.

அண்ணி: கிளாபேக்கும் சொல்லுங்க.

அத்தை: ஆமா. இன்சூரன்ஸ், மாசச் சந்தா மாதிரி இடத்துல வாடிக்கையாளர் சீக்கிரம் ரத்து பண்ணிட்டா, கொடுத்த கமிஷனைத் திரும்ப எடுத்துக்குவாங்க. அப்புறம், கமிஷன் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் வாடிக்கையாளர் பணம் கட்டின பிறகுதான்னு இருக்கலாம். பேங்க் மாசாமாசம் கேக்கும். அதனால வேலைக்குச் சேர்ந்ததும் முதல் வேலை 3 இஎம்ஐ, கிட்டத்தட்ட 15, தனியா எடுத்து வைக்கறது. அதுக்கு மேல வர்ற கமிஷனை அசல்ல அடி. இன்சென்டிவை நம்பி தவணை போடக் கூடாது, தவணையைக் குறைக்க மட்டும்தான் அது.

சித்தப்பா: அசல்ல அடிக்கறப்ப முன்கூட்டிக் கட்டறதுக்கு அபராதம் இருக்கான்னு கடன் பத்திரத்துல பாத்துக்கோ. "காலத்தைக் குறைங்க, தவணை அப்படியே இருக்கட்டும்"னு எழுதிக் கொடு. சொல்லலைன்னா சில இடத்துல தவணையைக் குறைச்சுட்டு காலத்தை விட்டுடுவாங்க, வட்டியில பெருசா லாபம் இருக்காது.

அண்ணி: நான் அந்த "சராசரி"க்கு வர்றேன். அஞ்சு பேர் சம்பளம் 8, 9, 10, 11, 62ன்னா சராசரி 20. அஞ்சு பேர்ல நாலு பேருக்கு அதுல கிட்டத்தட்ட பாதிதான் வருது. நடுவுல நிக்கற ஆள் வாங்கறது 10, அந்த இடைநிலைச் சம்பளத்தைக் கேளு. சேல்ஸ்ல இந்த இழுப்பு ரொம்ப ஜாஸ்தி, மேல ரெண்டு பேர் அள்ளுவாங்க.

வேலைவாய்ப்பு சதவீதமும் அப்படித்தான். வகுப்புல 60 பேர். பிளேஸ்மென்ட்டுக்குப் பதிஞ்சது 41. கிடைச்சது 36. பிரசுரத்துல 88 சதவீதம்னு வரும். உண்மை 60 சதவீதம்.

நான்: அப்ப கல்லூரியில என்ன கேக்கறது அண்ணி?

அண்ணி: போன்ல வேணாம், மெயில்ல கேளு. எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, முடிச்சவங்கள்ல எத்தனை பேர் சேல்ஸ்லயே வேலைக்குப் போனாங்க, இடைநிலை நிலைச் சம்பளம் எவ்வளவு, ஒரு வருஷம் கழிச்சும் அதே வேலையில இருக்கறது எத்தனை பேர். கடைசிக் கேள்விக்குப் பதில் வராது, வராததே ஒரு பதில்தான். லிங்க்ட்இன்ல அந்தக் கல்லூரியில 3 வருஷம் முன்னாடி முடிச்சவங்களைத் தேடி ஒரு 30 பேர் என்ன பண்றாங்கன்னு எண்ணிப் பாரு. நல்லா இருக்கறவங்கதான் அங்க அதிகமா எழுதுவாங்க, அதையும் மனசுல வெச்சுக்கோ.

அப்பா: டிகிரி இல்லாமலே சேல்ஸ் வேலைக்குப் போறாங்களே?

அத்தை: இதுதான் பெரிய கேள்வி அண்ணா. கடை விற்பனை, கால் சென்டர், வீடு வீடாப் போற வேலை இதுக்கெல்லாம் டிகிரி தேவையே இல்ல. நிறைய விளம்பரத்துல "ஏதாவது ஒரு டிகிரி"ன்னு இருக்கும், அங்க விலை குறைஞ்ச டிகிரியும் அதே கதவைத்தான் திறக்கும். மருத்துவக் கருவி, இயந்திரம், கெமிக்கல் மாதிரி நல்லாக் கொடுக்கற இடத்துல அறிவியலோ இன்ஜினியரிங்கோ படிச்ச ஆளைத் தேடுவாங்க. பொருள் தெரிஞ்சவனுக்கு விக்கக் கத்துக் கொடுக்கறது சுலபம், விக்கத் தெரிஞ்சவனுக்குப் பொருளைக் கத்துக் கொடுக்கறதுதான் நாளாகும்.

நான்: அப்ப சேல்ஸ் டிகிரியால என்னதான் லாபம்?

அத்தை: கேம்பஸ்க்கு வர்ற கம்பெனி, இன்டர்ன்ஷிப், பின்னாடி மேனேஜர் பதவிக்கு டிகிரி கேக்கற இடம். அந்தக் கல்லூரிக்கு நிஜமா கம்பெனி வருதா, இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் உண்டா, இது ரெண்டும் இருந்தா யோசிக்கலாம். இல்லைன்னா 300க்கு மதிப்பில்ல.

சித்தப்பா: ஒப்பிடறப்ப ஒரு தப்பு எல்லாரும் பண்றது: டிகிரி முடிச்சவன் சம்பளத்தை, இன்னிக்குச் சேர்ற டிகிரி இல்லாதவனோட ஒப்பிடறது. நீ முடிக்கறப்ப அவனுக்கு 3 வருஷ அனுபவம் இருக்கும். அவன் 10ல ஆரம்பிச்சு 13க்கு வந்திருப்பான்னு வை. நீ 16. வித்தியாசம் 3, தவணை 4.96. மாசம் 2 பின்னாடி நிக்கற. உன் சம்பளம் அவனைவிட வேகமா ஏறினாத்தான் இது சரியாகும். அந்த 3 வருஷம் அவன் வாங்கின சம்பளத்தை இன்னும் சேர்க்கவேயில்ல.

அண்ணி: சேர்க்கறப்ப ஹாஸ்டலை ரெண்டு தடவை எண்ணிடாதீங்க சின்ன மாமா. அவனும் சாப்பிட்டிருப்பான், வாடகை கொடுத்திருப்பான்.

சித்தப்பா: சரிதான்மா. அவன் செலவு போக மிச்சம் பிடிச்சதை மட்டும் எடுத்துக்கலாம்.

நான்: அப்ப வேணாம்னு சொல்றீங்களா?

சித்தப்பா: முழு 300ஐயும் இப்பவே முடிவு பண்ணாதன்னு சொல்றேன். கடனை வருஷா வருஷம் எடு. முதல் வருஷ முடிவுல நின்னு பாரு: மார்க் எப்படி, இன்டர்ன்ஷிப் கிடைச்சுதா. அங்கயே வெளிய வந்தா 100ஓட போச்சு. கடனோட ரொம்ப மாட்டிக்கறது ரெண்டரை வருஷம் படிச்சுட்டு டிகிரி இல்லாம வெளிய வர்றவங்கதான்.

அத்தை: பகல்ல வேலை, சாயங்காலம் படிப்புன்னு பகுதிநேரத்துல இருக்கான்னும் தேடு. சில கம்பெனி ஃபீஸ்ல பாதி தரும், ஆனா இத்தனை வருஷம் இருக்கணும்னு பத்திரம் கேக்கும். விலகினா முழுசா திருப்பிக் கேப்பாங்களா, இருந்த காலத்துக்குக் கழிச்சுட்டுக் கேப்பாங்களான்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு.

அப்பா: கேரண்டி கையெழுத்து நான்தான் போடணும். நான் எதைப் பாக்கணும்?

சித்தப்பா: ஒரு தவணை தவறினாலும் உங்க பேர்லயும் பதிவாகும் அண்ணா. சில வருஷம் ஒழுங்கா கட்டினா கேரண்டியிலேருந்து விடுவிப்பாங்களான்னு கேளுங்க. அந்த விதி எல்லாக் கடன்லயும் இருக்காது.

நான்: சீட்டுக்கு அட்வான்ஸ் புதன்கிழமைக்குள்ள கட்டச் சொல்றாங்க.

அண்ணி: எந்தத் தேதி வரைக்கும் திருப்பித் தருவாங்கன்னு எழுத்துல வாங்கு. மெயிலை இன்னிக்கே போடு, பதில் வந்ததும் இங்க ஒட்டு.

நான்: டைப் பண்ணிட்டு இருக்கேன் அண்ணி.