வலங்கைமான் பக்கம் படுக்கையில் இருக்கும் புற்றுநோயாளி: வீட்டுக்கே வந்து பார்ப்பவர்கள் யார்?

கேள்வி (திருப்பூர்வாசி):

அப்பாவுக்கு 71 வயது. உணவுக்குழாயில் புற்றுநோய், நுரையீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீடு வலங்கைமானிலிருந்து 6 கி.மீ. உள்ளே. மூக்கில் டியூப், யூரின் பை இரண்டும் இருக்கின்றன. டிரமடால் கொடுத்தும் ராத்திரி வலி அடங்குவதில்லை. முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறது. அம்மாவால் தனியாகத் திருப்பிப் போட முடியவில்லை.

கும்பகோணத்தில் இரண்டு ஹோம் நர்ஸ் ஏஜென்சி நம்பர் கிடைத்தது. ஒரு மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இல்லை, ஹாஸ்பிஸ் மாதிரி சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் இடம் டெல்டாவில் தேடுவதா? எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (கிராமச்செவிலி):

ஏஜென்சியை இரண்டாவதாக வையுங்கள். முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பலரும் சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவந்து தருவது என்று மட்டும் நினைக்கிறார்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சையும் (குணப்படுத்த முடியாத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை) அதில் உண்டு. வட்டாரத்துக்கு ஒரு செவிலியரும் ஒரு இயன்முறை மருத்துவரும் வண்டியில் வீட்டுக்கு வருவார்கள். புண்ணுக்கு டிரெஸ்ஸிங், டியூப், யூரின் பை எல்லாம் பார்ப்பார்கள், வீட்டில் இருப்பவருக்குச் சொல்லியும் கொடுப்பார்கள். கட்டணம் இல்லை.

உங்கள் பகுதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வலங்கைமான்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் கும்பகோணம்தான் கிட்டம், ஆனால் அது தஞ்சை மாவட்டம். நீங்கள் திருவாரூர் மாவட்டம். வீட்டுக்கு வரும் குழு உங்கள் ஒன்றியத்துடையதாகத்தான் இருக்க முடியும். கும்பகோணத்தில் போய்க் கேட்டால் "எங்க ஏரியா இல்லை" என்பார்கள், அதில் ஒரு வாரம் போய்விடும். உங்கள் ஊர் எந்தத் துணை சுகாதார நிலையத்தில் வருகிறது என்று பார்த்து, கிராம சுகாதார செவிலியரைப் பிடியுங்கள். ஊரில் வீடு வீடாக மாத்திரை தரும் பெண் தன்னார்வலருக்கு அவர் நம்பர் தெரியும். அவர் மூலமாக வட்டார மருத்துவ அலுவலருக்குத் தகவல் போனால் பதிவு ஆகும். யாருமே கிடைக்காவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கடைசி மருந்துச்சீட்டு, ஆதார் இவற்றின் நகலோடு வீட்டில் ஒருவர் போனால் போதும். "படுக்கையில் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் சாதாரண வரிசையில் போய்விடும். "புற்றுநோய், வலி அடங்கவில்லை, படுக்கைப்புண் ஆரம்பம், டியூப் இருக்கிறது" என்று நான்கையும் சொல்லுங்கள்.

அந்தக் குழு தினமும் வராது. ஒரு செவிலியருக்கு ஒரு ஒன்றியம் முழுவதும் இருக்கிறது. திருப்பிப் போட, துடைத்துவிட, ராத்திரி கூட இருக்க ஆள் வேண்டும் என்றால் அது தனி ஏற்பாடுதான்.

சேர்த்துப் பார்க்கும் ஹாஸ்பிஸ் என்றால் பெரும்பாலும் திருச்சி, சென்னை பக்கம்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். திருவனந்தபுரத்தில் இருக்கும் பாலியம் இந்தியா அமைப்பின் இணையதளத்தில் மாநில வாரியாக மையங்களின் பட்டியல் உண்டு. கூப்பிட்டதும் மூன்று கேளுங்கள்: இரவில் செவிலியர் இருக்கிறாரா, கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து இருப்பு இருக்கிறதா, குடும்பத்தில் ஒருவர் கூடத் தங்கலாமா. மார்ஃபின் இல்லாத இடம் ஹாஸ்பிஸ் என்று போர்டு மாட்டியிருந்தாலும் அது முதியோர் இல்லம்தான்.

பதில் 2 (மருந்தாளுநர்):

வலி பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டிரமடாலுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. நாளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போக முடியாது. அதையும் தாண்டிய வலிக்கு மார்ஃபின் மாத்திரைதான். வழக்கமாக அதைத் தொடங்கும்போது டிரமடாலை நிறுத்திவிடுவார்கள். பக்கத்து மெடிக்கலில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்துக் கொடுக்கலாம். திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புற்றுநோய் அல்லது வலி நிவாரணப் பிரிவில் கேளுங்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் "10 மில்லிகிராம் மாத்திரை ஸ்டாக் இருக்கா, எந்த நாளில் டாக்டர் எழுதித் தருவார்" என்று விசாரித்துவிடுங்கள். டாக்டர் இருக்கும் நாளும் மருந்து இருக்கும் நாளும் ஒன்றாக அமையாமல் திரும்பி வருவது சகஜம்.

அளவை டாக்டர் முடிவு செய்வார். வீட்டில் கெடுவது நேரம்தான். சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரம்தான் வேலை செய்யும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி 10 மணிக்குப் பெரும்பாலும் இரட்டை டோஸ் எழுதுவார்கள், 2 மணிக்கு எழுப்பாமல் இருக்கத்தான். "வலி வந்தா குடுக்கலாம், இல்லாட்டி எதுக்கு" என்று அம்மா நிறுத்திவைத்தால், வலி ஏறிய பிறகு அதே மாத்திரையால் இறக்க முடியாது. இடையில் வலி வந்தால் கொடுக்கும் கூடுதல் டோஸ் எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். கொடுத்த நேரத்தை நோட்டில் குறியுங்கள். ஒரு நாளில் 2, 3 தடவைக்கு மேல் தேவைப்பட்டால் அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார்.

மலச்சிக்கல் கட்டாயம் வரும். முதல் நாளே மலமிளக்கி மாத்திரை சேர்ந்து எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நான்கு நாள் வெளிக்குப் போகாமல் வயிறு உப்பி, "மார்ஃபின் ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். குமட்டலும் மயக்கமும் முதல் சில நாளில் குறைந்துவிடும். கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசினாலோ, யூரின் பையில் அளவு நன்றாகக் குறைந்தாலோ உடனே போன் செய்யுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பில் தங்கும்.

டியூப் வழியாகக் கொடுப்பதால் இன்னொன்று. சாதாரண மாத்திரையைப் பொடித்து 10, 15 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். 12 மணி நேரம் வேலை செய்யும் நீள்விளைவு மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, அரை நாள் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அட்டையில் எஸ்ஆர் (SR) என்று இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது நீள்விளைவு மாத்திரை.

ஊரில் ஊசி போடுபவரை அழைத்து தினம் டைக்ளோஃபெனாக் போடுவது வேண்டாம். வயிற்றில் ரத்தக்கசிவு வரும், சிறுநீரகமும் போகும், அப்புறம் மார்ஃபின் கொடுப்பதே கஷ்டம்.

பதில் 3 (ஓட்டுவீடு):

ஏஜென்சி விஷயம் நான் சொல்றேன். முழு மாசப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீங்க. வாரக் கணக்குல பேசுங்க. நோயாளி இடையில தவறிட்டாலோ ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாலோ மீதிப் பணம் திரும்புமான்னு ரசீதுலயே எழுதச் சொல்லுங்க. கேக்கவே வாய் கூசும், ஆனா தகராறு வர்றதே அந்த இடத்துலதான்.

அடுத்து, வர்றது நர்ஸா அட்டெண்டரா? "ஹோம் நர்ஸ்"னு சொல்லி அனுப்பறது பெரும்பாலும் அட்டெண்டரைத்தான். அதுல தப்பில்லை, உங்களுக்கு வேண்டியதும் அதுதான். நர்ஸ் ரேட்டைக் கொடுக்கறீங்கன்னா தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு நம்பரைக் கேளுங்க. மூக்கு டியூப் கழண்டா திரும்பப் போடறது அட்டெண்டர் வேலை இல்லை. அந்த வேலைக்குப் பக்கத்து ஊர்ல ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தரைத் தடவைக்கு இவ்வளவுன்னு பேசி வச்சுக்கலாம். அது ஏஜென்சியை விட மேல்.

சாப்பாடு யார் பொறுப்பு, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவாங்க, தீபாவளி பொங்கலுக்கு மாத்து ஆள் உண்டா, ஆம்பளை நோயாளியைத் தூக்க ஆம்பளை ஆளா, உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இந்தக் கடைசிக் கேள்வியிலதான் பாதி ஏஜென்சி கழண்டுக்கும். ஆதார் நகலும் ஒரு போட்டோவும் வாங்கி வச்சுக்குங்க.

கட்டில் விலைக்கு வாங்காதீங்க, வாடகைக்கே கிடைக்கும். தலைப்பக்கமும் கால்பக்கமும் தூக்கற ஃபௌலர் காட் போதும். எடுக்கும்போது கைப்பிடியைச் சுத்திப் பாருங்க, சக்கரத்துப் பூட்டு நாலும் பிடிக்குதா பாருங்க. கட்டில் 3 அடி அகலம், பழைய வீட்டு நிலைப்படி அதைவிடக் குறுகல்னா கழட்டி உள்ளே மாட்டித் தருவாங்களான்னு முதல்லயே கேளுங்க.

படுக்கைப்புண்ணுக்காகப் போடற காத்து மெத்தையில தப்பு நிறைய நடக்குது. அதை மெல்லிசு மெத்தை மேல விரிக்கணும், குமிழ் பக்கம் மேல. பம்பு கால்பக்கம் தொங்கணும். அதுக்கு மேல ரெக்ஸின், ஜமுக்காளம், பெட்ஷீட்னு அடுக்கினா மெத்தை போட்டதே வீண். பழைய பருத்தி வேட்டி ஒண்ணு போதும், சுருக்கம் இல்லாம. காத்து சரியான்னு பார்க்க, ஆள் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேரா மெத்தைக்கு அடியில கையை விடுங்க. கைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு அங்குலமாவது காத்து இருக்கணும். எலும்பு கையில தட்டுப்பட்டா பம்பைக் கூட்டுங்க.

காத்து மெத்தை இருந்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும். முழுசா ஒருக்களிச்சுப் படுக்க வச்சா இடுப்பெலும்புல புண் வரும். முதுகுக்குப் பின்னால தலையணை அண்டக் கொடுத்து லேசாச் சாய்க்கறதுதான் முறை. அம்மா தனியாச் செய்ய, இடுப்புக்கு அடியில வேட்டியை நாலா மடிச்சுப் போட்டு அதைப் பிடிச்சு இழுக்கலாம். உடம்பைப் பிடிச்சு இழுத்தா தோல் உரியும். சிவந்த இடத்தை விரலால அழுத்தி எடுங்க. வெளுத்து மறுபடி சிவந்தா இன்னும் தப்பிக்கலாம். வெளுக்காம அப்படியே இருந்தா புண் தொடங்கிடுச்சு, அந்தப் பக்கம் படுக்கவே கூடாது. தேய்க்காதீங்க, ஸ்பிரிட் போடாதீங்க, வளையத் தலையணை வைக்காதீங்க.

திருப்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. கிராம செவிலியர் கிடைத்துவிட்டார், பதிவு செய்கிறேன் என்றார். இரண்டு சந்தேகம். மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் மெஷின் எடுக்கலாமா? ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் கரண்ட் நிற்காது. அப்புறம், கஞ்சி சரியாக இறங்கவில்லை, "ரெண்டு பாட்டில் ஏத்துனா தெம்பு வரும்" என்று சித்தப்பா சொல்கிறார்.

பதில் 4 (வெட்டாற்றங்கரை):

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பாருங்கள். அளவு நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மெஷினால் பெரிய பலன் இல்லை. தலையை உயர்த்தி, முகத்துக்கு நேராக மேஜை விசிறி வைப்பது நன்றாகவே உதவும். வலிக்குத் தரும் மார்ஃபினே மூச்சுத் திணறலையும் தணிக்கும். டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அளவு குறைந்திருந்து டாக்டர் எழுதினால் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் (நீங்கள் கேட்ட ஆக்ஸிஜன் மெஷின்) எடுங்கள். சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஒற்றை பேட்டரி இருந்தால் மூன்று மணி நேரம் தாங்கலாம், பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. அதனால் கூடவே பி டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று. அதில் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் 12 மணி நேரம் வரும். ரெகுலேட்டரையும் ஸ்பேனரையும் சேர்த்து வாங்குங்கள், ராத்திரி கரண்ட் போன பிறகு ஸ்பேனர் தேடுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மார்ஃபின், மலமிளக்கி, யூரின் பை எல்லாம் இரண்டு வாரத்துக்குக் கையில் இருக்கட்டும். காற்று மெத்தை கரண்ட் போனால் இறங்கிவிடும். குழாயை பம்பிலிருந்து கழற்றி மடித்துக் கட்டினால் கொஞ்ச நேரம் காற்று நிற்கும், அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள்.

கஞ்சி இறங்காததற்கு முதல் காரணம் அடைப்பு. நொய்க் கஞ்சியை வெறுமனே கரைத்தால் டியூபில் தங்கும், வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஒரு தடவைக்கு 200 மி.லி. போதும். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரால் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்து விடலாம். கம்பி விடுவதோ, சிரிஞ்சை ஓங்கி அழுத்துவதோ கூடாது. கொடுக்கும்போது தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி, முக்கால் மணி அப்படியே. டியூபில் போட்ட அடையாளக்கோடு மூக்கு நுனியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கோடு வெளியே வந்திருந்தால் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது, நுரையீரலில் இறங்கிவிடும்.

அடைப்பு இல்லாமலே இறங்காவிட்டால் உடம்பு வேண்டாம் என்கிறது. அந்தக் கட்டத்தில் பாட்டில் ஏற்றினால் தெம்பு வராது. கால் வீங்கும், நெஞ்சில் சளி சேர்ந்து கொரகொரவென்று மூச்சு வாங்கும். சித்தப்பாவிடம் அந்தச் செவிலியரையே சொல்லச் சொல்லுங்கள், வெளியாள் சொன்னால் எடுபடும். வாய் காய்ந்தால் ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்தால் போதும். கடைசி நேரத்தில் பால் ஊற்ற வருவார்கள். ஸ்பூனால் தொண்டையில் விடாமல், விரலில் நனைத்து உதட்டில் தடவச் சொல்லுங்கள். முறையும் நிற்கும், புரையும் ஏறாது.

கிராமச்செவிலி:

ஒரு காகித வேலை விட்டுப்போயிற்று. வீட்டில் இறந்தால் 108-ஐக் கூப்பிட்டுப் பலன் இல்லை, இறந்தவரை ஏற்றிப் போக மாட்டார்கள். பார்த்துவந்த டாக்டர் இறப்புக் காரணச் சான்றை 4ஏ படிவத்தில் தருவார். அவர் யார் என்று இப்போதே பேசி வையுங்கள். ஊராட்சி என்றால் வி.ஏ.ஓ.விடம் 21 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. அப்பாவின் பெயர் ஆதாரிலும் பட்டாவிலும் பேங்க் புத்தகத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, எந்த எழுத்தில் பதிவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இறப்புச் சான்றில் எழுத்து மாறினால் வாரிசுச் சான்றுக்கு அலைய வேண்டிவரும். மீதமான மார்ஃபினை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.