சுண்ணாம்புச் சுவர், அடைமழை, எட்டு இளம் கலைஞர்கள்: அருங்காட்சியகக் கண்காட்சியை எப்படி அமைப்பது?

வண்ணக்கிண்ணம்:
வணக்கம். கடலோர மாவட்டத்து அருங்காட்சியகம் ஒன்றில் இளம் கலைஞர்களுக்கான ஓராண்டு ஃபெலோஷிப் (உதவித்தொகைத் திட்டம்) முடிகிறது. கலைஞர்கள் எட்டுப் பேரும் அந்தப் பகுதிக்காரர்கள். நான்கு பேர் கும்பகோணத்திலும் சென்னையிலும் கவின்கலை படித்தவர்கள், இருவர் பரம்பரைத் தொழில்காரர்கள், மற்ற இருவரும் தாமாகக் கற்றவர்கள். நவம்பர் 15 முதல் 30 நாள் கண்காட்சி. அதில் 26 நாள் திறந்திருக்கும், தினம் 7 மணி நேரம்.

கூடம் 40 அடிக்கு 22 அடி. பழைய செங்கல் கட்டடம், சுண்ணாம்புப் பூச்சு. சுவரில் ஆணியோ டிரில்லோ கூடாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு ஏசி உண்டு, மாலை 5 மணிக்கு மெயினை அணைத்துவிடுவார்கள்.

படைப்புகள்: ஏ3 அளவில் கரித்துண்டு ஓவியம் 14, 3 அடி அகலம் 4 அடி உயரத்தில் அக்ரிலிக் கேன்வாஸ் 9, இரண்டு மீட்டர் நீளக் கலம்காரித் துணி 3, எல்லாம் இயற்கைச் சாயம், சுடுமண் உருவங்கள் 11, பனையோலைப் பின்னலில் தொங்கும் அமைப்பு ஒன்று, 12 நிமிட வீடியோ ஒன்று.

சுவரைத் தொடாமல் மாட்டுவது எப்படி? மழைக்காலத்தில் காகிதத்தையும் துணியையும் எப்படிக் காப்பது? ஒப்பந்தத்தில் எதை விடக் கூடாது?

ரசமட்டம்:
சுவரை மறந்துவிடுங்கள். 8க்கு 4 அடி பிளைவுட் பலகைகளைத் தனியாக நிறுத்துங்கள். 12 மி.மீ. பிளைவுட், முதுகில் இரண்டு அங்குல ரீப்பர் (மெல்லிய மரக்கட்டை) சட்டம். இரண்டிரண்டாகச் சேர்த்து 8 அடி அகல அலகாக்கினால் கணக்கு எளிது. ஏ3 ஓவியம் சட்டம் போட்டபின் சுமார் 45க்கு 57 செ.மீ. வரும். 244 செ.மீ. அகலத்தில் மூன்று மாட்டினால் இடைவெளி 27 செ.மீ. வீதம் கிடைக்கும். பதினாலுக்கும் ஐந்து அலகு போதும். கேன்வாஸ் அலகுக்கு இரண்டு, இடைவெளி 20 செ.மீ., அதற்கும் ஐந்து. ஆக 20 பலகை. 12 சுவரோரம், 8 நடுவில் முதுகோடு முதுகாக.

சுவரோரப் பலகையைச் சுவரில் சாய்க்க வேண்டாம். 45 செ.மீ. தள்ளி நிறுத்தி, முதுகில் முக்கோணத் தாங்கு வைத்து, அதன் அடிக்கட்டையில் 20 கிலோ மணல் மூட்டை போடுங்கள். பின்னால் காற்று ஓடும், வயரும் அங்கேயே போய்விடும். கூடத்தின் அகலம் 6.7 மீட்டர். இரு பக்கமும் 45 செ.மீ. போனால் 5.8. நடுவரிசையின் கால் 60 செ.மீ. பிடித்தாலும் இரு பக்கமும் 2.6 மீட்டர் வழி இருக்கும். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் போதும்.

உயரம்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. திருகின் உயரம் கண்டுபிடிக்க, 150உடன் சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, சட்டத்தின் மேல்விளிம்புக்கும் வளையத்துக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். கரித்துண்டு ஓவியத்துக்கு 150 + 28.5 − 6 = 172.5. கேன்வாஸுக்கு 150 + 61 − 10 = 201. தச்சர் வேலையைத் தொடங்கும் முன்பே இந்த இரண்டு எண்ணையும் கொடுத்துவிடுங்கள். அந்த உயரங்களில் குறுக்கு ரீப்பர் ஓடினால் திருகு மரத்தில் பிடிக்கும். வெறும் 12 மி.மீ. பிளைவுட்டை நம்பிக் கனமான சட்டத்தை மாட்டக் கூடாது.

முதுகில் கம்பி கட்டி ஒரே ஆணியில் தொங்கவிடும் பழக்கம் வேண்டாம். மின்விசிறிக் காற்றுக்கே சாய்ந்துவிடும். இரண்டு டி வளையம், இரண்டு திருகு. பழைய தரை நிச்சயம் சரிவாக இருக்கும், அதனால் தரையிலிருந்து டேப் பிடித்து ஒவ்வொரு படத்தையும் அளக்காதீர்கள். ஒரே இடத்தில் 150 குறித்து, அங்கிருந்து நீர்மட்டக் குழாயிலோ லேசர் மட்டத்திலோ கோடு எடுத்துச் செல்லுங்கள்.

பலகைக்கு நீரில் கரையும் எமல்ஷன் மட்டும், எனாமல் கூடாது. ஐப்பசி ஈரத்தில் பெயிண்ட் காய நாளாகும். கடைசிப் பூச்சுக்கும் முதல் படத்துக்கும் நடுவே ஒரு வாரமாவது விடுங்கள்.

இன்னொன்று. எட்டுப் பேர் என்பதற்காக எட்டுத் தடுப்பு வைத்து ஆளுக்கொரு கடை போலப் பிரித்துவிடாதீர்கள். சுடுமண்ணுக்குப் பின்னால் கரித்துண்டு ஓவியம் தெரிந்தால் இரண்டுமே வலுக்கும்.

காகிதக்காரி:
ஏசியைப் பகலில் போட்டு மாலையில் அணைப்பது, ஏசியே இல்லாததைவிடக் கெடுதல். பகலில் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு இறங்கும், இரவில் 85க்கு ஏறும். காகிதம் தினமும் சுருங்கி விரியும். குளிர்ந்த கண்ணாடியில் இரவின் ஈரக்காற்று பட்டு வியர்க்கும். காகிதப் படைப்புகளுக்கு 40 முதல் 60 சதவீதம், 24 மணி நேரத்தில் 10 புள்ளிக்கு மேல் ஆடாமல் இருப்பது நல்லது. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும்.

இரவில் ஏசி ஓடாது என்றால் பகலிலும் வேண்டாம். கதவைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை 24 மணி நேரமும் ஓட்ட அனுமதி கேளுங்கள். தொட்டியில் நீர் நிரம்பினால் இயந்திரம் தானே நின்றுவிடும், இரவில் காலி செய்ய ஆளிருக்காது. அதனால் வெளியே போகும் குழாய் கட்டாயம். ஈரமானியைக் கதவருகே வைத்தால் தப்புக் கணக்கு வரும், பலகைக்குப் பின்னால் வையுங்கள்.

சட்டத்துக்குள்: அமிலமில்லாத மவுண்ட் போர்டு (ஓவியத்தைத் தாங்கும் தடித்த அட்டை), காகிதத்தின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு கீல், அதாவது ஓவியத்தை அட்டையோடு பிடிக்கும் சின்ன ஒட்டுத் துண்டு. கீலுக்கு ஜப்பானியத் திசுக் காகிதமும் கோதுமை மாவுப் பசையும். செலோடேப்பும் வெள்ளைப் பசையும் கறையாக ஊறும், பிரிக்கவும் முடியாது. நான்கு ஓரமும் ஒட்டினால் ஈரத்தில் நடுப்பகுதி உப்பிவிடும்.

கரித்துண்டுக்குக் கண்ணாடிதான். எடை குறைவென்று அக்ரிலிக் தகடு போடுகிறார்கள். துடைத்த உடனே அதில் நிலைமின் ஏறி, கரிப்பொடியைக் காகிதத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் நடுவே மவுண்ட் தடிமனாவது இடைவெளி வேண்டும். சட்டத்தின் முதுகை பாலியெஸ்டர் தாளால் மூடி ஓரத்தை டேப்பால் அடைத்தால் வெளி ஈரத்தின் ஏற்ற இறக்கம் உள்ளே மெதுவாகவே எட்டும். ஆனால் இதைக் காய்ந்த அறையில் வைத்துச் செய்யுங்கள். ஈர நாளில் மூடினால் ஈரத்தையே உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

அக்ரிலிக் கேன்வாஸைக் குமிழ் உறையில் நேராகச் சுற்றக் கூடாது. வண்டிச் சூட்டில் பெயிண்ட் இளகிக் குமிழ் அச்சு விழும், போகாது. முதலில் சிலிக்கான் தாள், அதன்மேல் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி உறை.

சாயவேர்:
துணியையும் ஓலையையும் பற்றி.

சாயங்களைக் கலைஞரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். "இயற்கைச் சாயம்" என்ற ஒரே சொல் போதாது. அவுரி, சாயவேர் இரண்டும் வெளிச்சத்தைத் தாங்கும். மஞ்சள் கிழங்குச் சாயம் தாங்கவே தாங்காது. மிக எளிதில் மங்கும் பொருள்களுக்கு 50 லக்ஸ் (பொருளின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), ஆண்டுக்கு மொத்தம் 15,000 லக்ஸ் மணி (லக்ஸை மணி நேரத்தால் பெருக்கியது) என்பதுதான் சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்த வரம்பு. உங்கள் கணக்கு: 26 நாள் × 7 மணி × 50 = 9,100. வரம்புக்குள் நிற்கிறது. அதே துணியை 150 லக்ஸில் காட்டினால் 27,300. ஒரே மாதத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வெளிச்சம் முடிந்துபோகும். திறப்பு விழாவுக்கு வரும் வீடியோக்காரர் விளக்கையும் கணக்கில் வையுங்கள். கேன்வாஸுக்கு 200 லக்ஸ் தரலாம். ஆனால் பார்வையாளர் வாசல் வெயிலிலிருந்து நேராக 50 லக்ஸுக்குள் வந்தால் இருட்டாகத்தான் தெரியும். வாசலருகே கேன்வாஸ், உள்ளே போகப்போகக் காகிதம், கடைசியில் துணி என்று வைத்தால் கண் பழகும்.

துணியைக் கிளிப்பிலோ வளையத்திலோ தொங்கவிட்டால் அந்தந்தப் புள்ளியில் எடை விழுந்து இழுபடும். மேல் ஓரம் முழுக்கப் பருத்தி நாடாவைக் கையால் தைத்து, வெல்க்ரோவின் மென்மையான பக்கத்தை முன்கூட்டியே அந்த நாடாவில் பிடித்திருக்க வேண்டும். முள் பக்கம் ரீப்பரில். அந்த ரீப்பர் மரம் துணியைத் தொடாதபடி பாலியெஸ்டர் தாள் சுற்றிவிடுங்கள், மரத்தின் அமிலம் துணியில் பழுப்புக் கோடாக இறங்கும்.

பனையோலை: அருங்காட்சியகம் இதற்குத் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது. ஒரு பூச்சி உள்ளே வந்தால் பழைய சேகரிப்புக்கே ஆபத்து. பிரிக்கக்கூடிய துண்டுகள் என்றால் பாலித்தீனில் காற்று எடுத்து மூடி, பெட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18இல் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஓலையின்மேல் நீர் கோக்கும். பிரிக்க முடியாவிட்டால் வேறு அறையில் வெள்ளைத் தாளின்மேல் மூன்று வாரம் வைத்து, கீழே பூச்சி அரித்த துகள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் உள்ளே எடுக்காதீர்கள். உத்தரத்தில் கட்ட விடமாட்டார்கள், ஒன்றரை அங்குல ஜிஐ குழாயில் தனிச் சட்டகம் செய்யுங்கள். எல்இடி விளக்குதான், அதுவும் ஒரு மீட்டர் தள்ளி.

சுடுமண்ணுக்குப் பீடம் 90 செ.மீ. உள்ளே கீழ்ப்பகுதியில் மணல் மூட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிவந்து இடிப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு அமையுங்கள்.

வண்ணக்கிண்ணம்:
மிக்க நன்றி. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கு அனுமதி கேட்கிறேன். பெயர்ப்பலகை தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வேண்டும் என்கிறார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்தால் போதுமா?

கொம்புக்கால்:
கொடுக்கலாம், ஆனால் வேர்ட் கோப்பாகக் கொடுக்காதீர்கள். கடையின் பழைய கோரல்டிரா வடிவமைப்பு மென்பொருளில் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் உடையும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகும், "கொ" மூன்று துண்டாகும். எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கொடுத்து, ஒரு பெயர்ப்பலகை மட்டும் மாதிரி அச்சிட்டுச் சரிபாருங்கள். கடையில் மறுபடி தட்டச்சு செய்கிறோம் என்றால் மறுத்துவிடுங்கள்.

விவரப் பகுதியின் எழுத்தளவு 20 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி என்று இரு பக்கமும் நீளுவதால் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். 5 மி.மீ. சன்போர்டு (எடை குறைந்த நுரை அட்டை) போதும். சுவரில் இரட்டைப்பக்க டேப் ஒட்டினால் எடுக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும், பிளைவுட் பலகையில் மட்டும் ஒட்டுங்கள்.

வரிசை: பெயர், தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு. அளவில் முதலில் உயரம், பிறகு அகலம், செ.மீ.இல். "கலப்பு ஊடகம்" என்று எழுதாதீர்கள். "சாயவேர், கடுக்காய், அவுரி, பருத்தி" என்று எழுதினால் பார்ப்பவருக்கு ஒரு வாசல் திறக்கும். பரம்பரைத் தொழில்காரர்களின் பெயரை மற்றவர்களோடு ஒரே அளவில், ஒரே இடத்தில் போடுங்கள். "கருப்பூர்க் கைவினைஞர்" என்று ஊரை மட்டும் போட்டு ஆளின் பெயரை விடுவது பெரிய அநீதி. முதலெழுத்து (இனிஷியல்) தமிழிலா ஆங்கில ஒலியிலா என்பதை அவரவரிடமே கேட்டு கையெழுத்து வாங்குங்கள்.

வீடியோ: மின்சாரம் போய் வந்தால் தானே தொடங்கி, தானே சுழலும் பிளேயர் வேண்டும். பெரும்பாலான டிவிகள் மின்சாரம் வந்ததும் முகப்புத் திரையில் நின்றுவிடும். முன்கூட்டியே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

ஒப்பந்தவரி:
பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17ஐ வாசியுங்கள். படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரைந்த ஓவியத்துக்கும் எடுத்த புகைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே உரிமையாளர் ஆகிறார். ஃபெலோஷிப் தொகையை அப்படிப் படிக்க இடம் கொடுக்கக் கூடாது. "பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும், அருங்காட்சியகம் கண்காட்சி விளம்பரத்துக்கும் பட்டியல் நூலுக்கும் படத்தைப் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிரிவு 57இன் கீழ் பெயருரிமையும், படைப்பைச் சிதைக்காமலிருக்கும் உரிமையும் எப்போதும் கலைஞருக்கே. டெல்லி விஞ்ஞான் பவன் அரங்கின் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்தெடுத்த வழக்கில் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் செய்த சிற்பி அமர்நாத் சேகலுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், எஞ்சிய பாகங்களைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. இளம் கலைஞர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

காப்பீடு கலைஞர் வீட்டிலிருந்து எடுப்பது முதல் அங்கே திரும்ப வைப்பது வரை இருக்க வேண்டும். கூடத்துக்குள் மட்டும் என்றால் போதாது, உடைவது பெரும்பாலும் வண்டியில்தான். ஒவ்வொரு படைப்புக்கும் நிலையறிக்கை: முன், பின், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம், ஏற்கெனவே உள்ள கீறல் அளவோடு, இருவர் கையெழுத்து. சுடுமண்ணில் பழைய விரிசலைக் குறிக்காமல் விட்டால் திரும்பும்போது யார் பொறுப்பு என்று சண்டை வரும்.

பண விஷயம் கலைஞர்களுக்கு மிக முக்கியம். கடைசித் தவணையைக் கண்காட்சி முடிந்தபின் தருவதாகப் பல திட்டங்களில் எழுதியிருக்கும். 14 ஓவியச் சட்டங்களின் செலவு அதற்கு முன்பே வந்துவிடும். ஓவியச் சட்டம், ஏற்றுக்கூலி, திரும்பும் பயணம் மூன்றையும் தனித் தலைப்பாக்கி முன்பணமாகக் கேளுங்கள். வரும் வண்டிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, போகும் வண்டியை மறந்த பட்ஜெட்டுகள் அதிகம். கொண்டுவந்த பெட்டி, உறை, மூலைக்காப்பு எல்லாவற்றிலும் படைப்பின் எண்ணை எழுதி அடுக்கி வையுங்கள். டிசம்பரில் இறக்கும்போதும் மழை விடாது. பாலித்தீன் இரண்டு சுருள் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.