கலைச்சொல்: "துறைசார் இயல்பாக்கம்" வேண்டுமா, வேறு சொல் உண்டா?

அன்புடையீர்,

ஓர் ஆய்வுக் கட்டுரை பெற்ற மேற்கோள்களை (பிற கட்டுரைகள் அதைச் சுட்டிய எண்ணிக்கையை), அதே துறையில் அதே ஆண்டில் வெளியான அதே வகைக் கட்டுரைகளின் சராசரி மேற்கோளால் வகுக்கிறார்கள். கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், துறைச் சராசரி 4 என்று வைத்துக்கொண்டால் விடை 3. உயிரணு உயிரியலில் 60 மேற்கோள், சராசரி 30 என்றால் 2. எண்ணிக்கையில் பின்தங்கிய கணிதக் கட்டுரை இங்கே முந்திவிடுகிறது. "அதே வகை" என்பதை விட்டுவிடக் கூடாது. மீள்பார்வைக் கட்டுரைகள் பொதுவாகவே மேற்கோளை அள்ளும்.

நம் பட்டியலில் இதற்குத் "துறைசார் இயல்பாக்கம்" என்று இருக்கிறது. எனக்கு நிறைவில்லை. எச்-சுட்டெண் (ஒருவரின் h கட்டுரைகள் தலா h மேற்கோளாவது பெற்றிருந்தால் அது h), தாக்கக் காரணி (ஓர் இதழின் அண்மைக் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள்) என்ற சொற்கள் இரண்டும் வேரூன்றிவிட்டன. அவற்றைத் தொட வேண்டாம்.

மறு:

ஐயா, "இயல்பாக்கம்" கூடவே கூடாது. இயல்நிலைப் பரவல் என்று பாடநூலில் படித்தவர், இயல்பாக்கம் என்றதும் மணிவடிவ வளைவைத்தான் நினைப்பார். மேற்கோள்கள் அப்படிப் பரவுவதில்லை. ஒருசில கட்டுரைகள் பெரும்பங்கை வாரிக்கொள்ள, மிகுதி சராசரிக்குக் கீழே கிடக்கும். வகுத்த பிறகும் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும்.

சாய்வு எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகமே சான்று. படிகவியலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை, அதை உருவாக்கிய கோட்டிங்கன் பேராசிரியர் ஷெல்ட்ரிக் 2008இல் எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் அந்தக் கட்டுரையைச் சுட்டினார்கள். அது வெளியான இதழின் தாக்கக் காரணி 2ஐ ஒட்டி இருந்தது, 2009க்கு 49.926 ஆயிற்று. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகக் குழு உலகப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியிடும் லைடன் தரவரிசையின் 2011/12 பதிப்பில், துறைச் சராசரியால் வகுத்த அளவையின்படி கோட்டிங்கன் இரண்டாம் இடம். காரணம் அந்த ஒரே கட்டுரை!

பள்ளியில் வகுத்தி, ஈவு, மீதி என்று படித்தவர்கள்தாமே நாம்? செய்வது வகுத்தல், கிடைப்பது ஈவு. எனவே "துறையீவு". மூன்று மடங்கு என்றால் துறையீவு 3, சராசரிக்கு நிகர் என்றால் 1.

மறு: மறு:

"ஈவு" என்றதும் ஈவு இரக்கம் நினைவுக்கு வருகிறது. பணி உயர்வுக் குழுக்கள் இந்த எண்களைக் கையாளும் விதத்தில் இரண்டையும் காணோம் என்பது வேறு கதை. சொல் எனக்கு உடன்பாடே, ஆனால் ஒற்றைக் கட்டுரைக்கு மட்டும். ஓர் ஆய்வாளருக்குக் கணக்கிடும்போது இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான்.

ஒருவருக்கு இரண்டு கட்டுரைகள். முதலாவது: மேற்கோள் 12, எதிர்பார்ப்பு (அதாவது துறைச் சராசரி) 4. இரண்டாவது: மேற்கோள் 10, எதிர்பார்ப்பு 20. மேற்கோள்களையும் எதிர்பார்ப்புகளையும் தனித்தனியே கூட்டி வகுத்தால் 22/24, அதாவது 0.92. ஒவ்வொன்றுக்கும் ஈவு கண்டு (3, 0.5) சராசரி எடுத்தால் 1.75. முதல் கணக்கில் துறைச் சராசரிக்குக் கீழே இருக்கும் அதே ஆள், இரண்டாவதில் நன்றாக மேலே நிற்கிறார். மேற்கோள் மிகுந்த துறையில் எழுதிய கட்டுரைக்கு முதல் வழி கூடுதல் எடை தருகிறது. லைடன் குழு நெடுநாள் இதைத்தான் கையாண்டது; 2010இல் எழுந்த கண்டனத்துக்குப் பின் இரண்டாவதற்கு மாறியது.

ஆகவே முதலாவது "கூட்டுத் துறையீவு", இரண்டாவது "சராசரித் துறையீவு". இரண்டாவதிலும் பொறி உண்டு: புத்தம்புதிய கட்டுரைகளில் எதிர்பார்ப்பு 0.2 என்ற அளவில் இருக்கலாம். அப்போது ஒரே ஒரு மேற்கோள் ஈவை 5 ஆக்கிவிடும். அகராதிப் பதிவில் இதை அடிக்குறிப்பாகவாவது சேர்க்க வேண்டும்.

மறு: மறு: மறு:

மூன்று சொற்களையும் ஏற்கிறேன். ஓர் எச்சரிக்கை: செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வரும் "உலகின் முதல் 2 விழுக்காடு அறிவியலாளர்" பட்டியலுக்குத் துறையீவு என்ற சொல்லை ஒட்டாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அயோனிடிஸ் குழு தயாரிக்கும் அந்தப் பட்டியலில் துறைச் சராசரியால் வகுப்பதே இல்லை. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து ஆறு அளவைகள் எடுக்கிறார்கள்: மொத்த மேற்கோள், எச்-சுட்டெண், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச்-சுட்டெண், தனித்து எழுதியவற்றின் மேற்கோள், தனித்தோ முதலாசிரியராகவோ எழுதியவற்றின் மேற்கோள், இவற்றோடு கடைசி ஆசிரியராக எழுதியவற்றையும் சேர்த்த மேற்கோள். ஒவ்வொன்றையும் மடக்கையில் மாற்றி, உச்ச மதிப்பால் வகுத்துக் கூட்டுகிறார்கள், அதிகபட்சம் 6. பிறகு 174 உட்துறைகளுக்குள் வரிசைப்படுத்துகிறார்கள். யாரை எந்த உட்துறையில் வைப்பது என்பதை அவருடைய கட்டுரைகளில் பெரும்பான்மை எதுவோ அது தீர்மானிக்கும். இரண்டு துறைகளுக்கு நடுவே வேலை செய்பவரின் இடம் இதனாலேயே ஏறி இறங்கும். இதை "உட்துறை வரிசை" என்றாலே போதும்.

லைடன்காரர்கள் கோட்டிங்கனுக்குப் பின் முன்னிறுத்திய அளவைக்கு, அதாவது ஒருவர் கட்டுரைகளில் எத்தனை விழுக்காடு துறையின் உச்சப் பத்து விழுக்காட்டுக்குள் வருகிறது என்பதற்கு, "உச்சப்பத்துப் பங்கு" என்கிறேன். நூற்றுமானம் (percentile) என்ற சொல் பாடநூலில் இருக்கிறது, ஆனால் அது இடத்தைக் குறிக்கும். இங்கே நாம் எண்ணுவது பங்கை.

பதிவில் "துறை ஈவு" என்ற பிரித்த வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள், தேடுபவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.