சிடைப்ஸ்: 32 பிட்டில் ஓடுகிறது, 64 பிட்டில் விழுகிறது

கருப்புத்திரை:
மெமரி ஒதுக்கித் தரும் விண்டோஸின் விர்ச்சுவல்அலாக் ஃபங்ஷனைப் பைத்தானிலிருந்து சிடைப்ஸ் (சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் மாட்யூல்) வழியாகக் கூப்பிட்டு, 4096 பைட் வாங்கி, அதில் மெம்மூவ் (பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்) வைத்து எழுதுகிறேன், நிரலே அவ்வளவுதான். 32 பிட் பைத்தானில் வருஷக்கணக்காக ஓடியது. போன வாரம் 64 பிட்டுக்கு மாறினேன், அன்றிலிருந்து மெம்மூவ் வரியில் ஆக்சஸ் வயலேஷன் (தொடக்கூடாத முகவரியைத் தொட்ட பிழை). மெமரி கிடைக்காவிட்டால் விர்ச்சுவல்அலாக்கிலிருந்து பூஜ்யம்தானே வரணும்? ஏதோ எண் வருகிறது, சில தடவை மைனஸில்! மைனஸில் முகவரி எப்படி இருக்கும்?

அரைத்தூக்கம்:
அந்த மைனஸ்தான் துப்பு. விண்டோஸ் சரியான முகவரியைத்தான் கொடுத்தது, வழியில் பாதியை வெட்டியது சிடைப்ஸ். டிஎல்எல்லில் (ஃபங்ஷன்கள் அடங்கிய விண்டோஸ் கோப்பில்) ஃபங்ஷனின் பெயர் இருக்கும், அது என்ன டைப் திருப்பும் என்கிற விவரம் இருக்காது. சி கம்பைலர் அதை ஹெடர் ஃபைலில் படித்துக்கொள்ளும், பைத்தானுக்கு அந்த வசதி கிடையாது, நாம் சொல்லாதவரை எல்லாமே 'இன்ட்' என்று எடுத்துக்கொள்ளும். இன்ட் 32 பிட், உங்கள் பாயின்டர், அதாவது முகவரி, இப்போது 64 பிட். மேல் பாதி போச்சு, மிச்சப் பாதியின் முதல் பிட் 1 என்றால் மைனஸ். முன்பு இரண்டும் ஒரே அளவு, அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. ஃபங்ஷன் திருப்பும் டைப்பைச் சொல்லும் ரெஸ்டைப்பில் வாய்ட் பாயின்டர் (வெறும் முகவரி) என்று வையுங்கள். தோற்றால் பூஜ்யத்துக்குப் பதில் பைத்தானின் 'நன்' (None) வரும், அதற்கேற்ப சோதியுங்கள்.

கருப்புத்திரை:
மெம்மூவ் சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் முன்பு புகார் சொல்லாத, மெமரியைத் திருப்பித் தரும் விர்ச்சுவல்ஃப்ரீ இப்போது 'இன்ட் டூ லாங் டு கன்வெர்ட்' என்கிறது.

அரைத்தூக்கம்:
அதே கதைதான், இந்தத் தடவை அனுப்பும் பக்கம். முழு முகவரியை இன்ட்டுக்குள் திணிக்கப் பார்க்கிறது. அனுப்பும் மதிப்புகளின் டைப்பைச் சொல்லும் ஆர்க்டைப்ஸும் எழுதிவிடுங்கள். எர்ரர் வந்ததே உங்கள் அதிர்ஷ்டம், லினக்ஸில் சத்தமில்லாமல் வெட்டி அனுப்பிவிடும்.

பழையநிரல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். விர்ச்சுவல்ஃப்ரீ திருப்பும் மதிப்பையும் பாருங்கள், பலர் பார்ப்பதே இல்லை. தோற்றால், கடைசி எர்ரர் எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எர்ரரை நேராகக் கூப்பிடாதீர்கள், இடையில் பைத்தானே வேறு விண்டோஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு அந்த எண்ணை மாற்றியிருக்கலாம். டிஎல்எல்லை ஏற்றும்போதே 'யூஸ் லாஸ்ட் எர்ரர்' என்பதை ட்ரூ ஆக்கி, சிடைப்ஸ் எடுத்து வைக்கும் பிரதியைப் படியுங்கள். அப்புறம் ஒரு கேள்வி, வெறும் மெமரிதான் வேண்டுமென்றால் இத்தனை பாடு எதற்கு? பைத்தானின் எம்மேப் மாட்யூலில் ஃபைல் எண்ணாக -1 கொடுத்தால் கிடைத்துவிடுமே.

கருப்புத்திரை:
எழுதியதை மெஷின் கோடாக ஓட்ட வேண்டும், அந்த அனுமதி விண்டோஸ் எம்மேப்பில் கிடைக்கவில்லை. எர்ரர் எண்ணைப் பார்த்தேன், 87.

அரைத்தூக்கம்:
87 என்றால் கொடுத்த மதிப்பு தவறு. விர்ச்சுவல்ஃப்ரீயில் மெம் ரிலீஸ் கொடியோடு (ஃப்ளாக்) அளவாக 4096 கொடுத்திருப்பீர்கள். அங்கே 0 தான் கொடுக்க வேண்டும், வாங்கிய மொத்தத்தையும் அதுவே திருப்பிவிடும்.

கருப்புத்திரை:
ஆமாம், 4096 தான். அப்படியானால் இத்தனை வருஷமாக அந்த வரி எதையுமே திருப்பித் தரவில்லை!