தாலினில் மதிலுக்கு உள்ளும் வெளியும்: பயணிகளின் அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினை முதன்முறையாகக் காண வருவோரில் பலர், ஹெல்சிங்கியில் காலையில் கப்பலேறி, இரண்டு மணி நேரத்தில் கரையிறங்கி, மாலையே திரும்பிவிடுகிறார்கள். நகரமன்றச் சதுக்கமும் அதை ஒட்டிய நான்கைந்து தெருக்களும்தான் அவர்கள் கண்ணில் படுகின்றன. நாங்கள் பழைய நகருக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கினோம். அதனால் கூட்டம் வந்து சேர்வதற்கு முந்தைய காலைப் பொழுதும், அது கலைந்த பின் நீளும் மாலைப் பொழுதும் எங்களுக்குக் கிடைத்தன. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தரை மணிக்கு மேலாகிவிடும்.

காலையில் முதலில் தூம்பேயா மேட்டுக்கு ஏறிவிடுவது நல்லது. பிரபுக்களும் ஆயரும் மேலே, வணிகர்களும் கைவினைஞர்களும் கீழே என்று, ஒரே மதிலடியில் தனித்தனிச் சட்டங்களோடு இரண்டு ஊர்கள் பல நூற்றாண்டுகள் பகையோடு வாழ்ந்திருக்கின்றன. கீழூர் 1248 முதல் ஜெர்மானிய வணிக நகரமான லூபெக்கின் சட்டத்தைப் பின்பற்றியது. இரண்டையும் இணைக்கும் சரிவுப் பாதையில் நிற்கும் வாயிற்கோபுரத்தைக் கண்ட பிறகுதான், அந்தப் பகை எவ்வளவு நெருக்கத்தில் நடந்தது என்பது எங்களுக்கு உறைத்தது.

மேட்டின் விளிம்பில் உள்ள ‘பிக் ஹெர்மன்’ கோபுரத்தடியில் நின்ற முதியவர் ஒருவர், மேலே பறந்த நீலம், கறுப்பு, வெள்ளை நிற எஸ்தோனியக் கொடியைக் காட்டி எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். சோவியத் கொடி இறக்கப்பட்டு, 1989 பிப்ரவரி 24 அன்று இந்தக் கொடி அங்கே ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று இங்கிருந்து லித்துவேனியாவின் வில்னியஸ் வரை, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவுக்கு மக்கள் சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை கோரிக் கைகோத்து நின்றார்கள். அந்த வரிசையில் தாமும் நின்றதாகச் சொன்ன அவர், அன்று தமக்கு இடப்பக்கம் நின்ற பெண் யாரென்றே இன்றுவரை தெரியாது என்று சொல்லிச் சிரித்தார்.

பழைய நகரில் நேரம் குறைவாக உள்ளவர்கள் இனிப்புக் கடைகளை விட்டுவிட்டாலும் நிகுலிஸ்தே தேவாலயத்தை விட்டுவிட வேண்டாம். இப்போது அது அருங்காட்சியகம். 15ஆம் நூற்றாண்டில் லூபெக்கின் ஓவியர் பெர்ன்ட் நோட்கே வரைந்த ‘சாவின் நடனம்’ ஓவியத்தின் எஞ்சிய பகுதி அங்கே இருக்கிறது. எலும்புக்கூடுகள் போப்பையும் பேரரசரையும் பேரரசியையும் கார்டினலையும் அரசரையும் கைப்பிடித்து ஆட அழைக்கின்றன. அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் பட்டாடையில் விறைத்து நிற்க, எலும்புக்கூடுகள் மட்டுமே உற்சாகமாக ஆடுகின்றன. 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் நகரைக் குண்டுவீசித் தாக்கியபோது இத்தேவாலயம் எரிந்தது. முன்கூட்டியே வேறிடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டிருந்ததால் ஓவியம் தப்பியது.

கடலோர நகரம் என்று பெயர் இருந்தாலும், மதிலுக்குள் நடக்கும்போது கடல் கண்ணில் படுவதில்லை. சோவியத் காலத்தில் இக்கரையின் பெரும்பகுதி காவலுக்கு உட்பட்ட எல்லைப் பகுதியாகவே இருந்ததாம். ஆகவே மதிலை விட்டு வெளியேறி, லென்னுசதம் எனப்படும் கடல்விமானத் துறைமுகத்துக்கு நடந்தே செல்லுங்கள். ரஷ்யப் பேரரசின் இறுதிக் காலத்தில் கடல்விமானங்களுக்காக எழுப்பப்பட்ட கான்கிரீட் கூடம் அது. நடுவில் தூண் எதுவுமின்றி நிற்கும் அதன் மெல்லிய குவிமாடங்களுக்குக் கீழே, 1936இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட ‘லெம்பித்’ நீர்மூழ்கிக் கப்பல் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இறங்கிப் பார்க்கலாம். மாலுமிகள் எங்கே படுப்பார்கள் என்று என் மகன் கேட்டதற்கு, அங்கிருந்த பணியாளர் பதில் சொல்லாமல், டார்பிடோக் குழாய்களுக்குப் பக்கத்தில் இருந்த குறுகிய படுக்கையைக் காட்டினார். தலையைக் குனிந்தே நடக்க வேண்டியிருப்பதால் உயரமானவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் பகிர்வு

மேலே எழுதிய நண்பர் கொடுத்துவைத்தவர்; எனக்கு வாய்த்த உரையாடல் வேறு வகையானது. நான் தூத்துக்குடிக்காரன். விரு வாயிலுக்கு அருகே, மதிலையொட்டிக் கம்பளி ஆடைகள் விற்கும் கடைவரிசையில் கையுறை வாங்கிக்கொண்டிருந்தபோது, கடைக்கார அம்மையார் எந்த ஊர் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றுவிட்டது. “எங்கள் பையன்கள் அங்கே இருந்தார்கள்” என்றார்.

2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பல் எங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டதும், அதிலிருந்த 35 பேரும் ஆயுத வழக்கில் சிக்கியதும் நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் பணியில் அதில் இருந்தவர்களுள் 14 பேர் எஸ்தோனியர்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சமே உள்ள நாட்டில் 14 பேர் என்பது வீட்டுக்கு வீடு பேசப்பட்ட செய்தி. அந்த அம்மையார் கோபமாக எதுவும் சொல்லவில்லை. அந்தச் சிறையில் மின்விசிறி இருந்ததா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறகு மீன்பிடிப்பைப் பற்றி நெடுநேரம் பேசினோம்; பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு என்றும், அதனால் ஏரி மீன்கள்கூட அங்கே வாழ்கின்றன என்றும் அவர் சொன்னபோது, நான் நம்பாமல் மறுநாள் பிரிதா கடற்கரையில் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மூன்றாம் பகிர்வு

செய்திகள் சில மட்டும். ஏறத்தாழ 124 மீட்டர் உயரமுள்ள புனித ஒலாஃப் தேவாலயக் கோபுரத்தில் ஏறுவோர், இருநூறுக்கும் மேற்பட்ட கற்படிகளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் அதே குறுகிய சுழற்படிதான் என்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். குளிர்காலத்தில் கோபுரம் மூடப்பட்டிருக்கும். சைவ உணவு கிடைப்பது அரிதன்று; ஆனால் உருளைக்கிழங்கும் பார்லியும் சேர்த்து மசித்த ‘முல்கிபுதெர்’ வாங்கும்போது, மேலே பன்றிக்கொழுப்பு போடாமல் தருமாறு முன்னதாகவே சொல்லிவிடுங்கள். விரு ஓட்டலின் 23ஆம் மாடியில் உள்ள, சோவியத் உளவு அமைப்பான கேஜிபி பற்றிய அருங்காட்சியகத்துக்கு வழிகாட்டியோடு மட்டுமே செல்ல முடியும் என்பதால், கோடைக்காலத்தில் முன்பதிவு செய்துகொள்வது அவசியம்.