படம் பார்க்கப் போய் மனதில் தங்கிவிட்ட ஒரு சம்பவம் – மதுரைக்காரர்கள் எழுதுங்கள்

மேலூர் பையன்

கொட்டுக்காளி வந்த வாரம், 2024 ஆகஸ்ட். அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு மாட்டுத்தாவணியில் இறங்கி மதியக் காட்சிக்குப் போனேன். இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் எங்கள் பக்கம், சூரியும் எங்கள் பக்கம். அதனால்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். அப்பத்தா தியேட்டருக்குள் கால் வைத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

பின்னணி இசையே இல்லாத படம், தெரியும்தானே. ஆட்டோ சத்தம், காற்று, சேவல், ஆட்கள் பேச்சு, அவ்வளவுதான். இருபது நிமிஷம் போனதும் பின்னாலிருந்து ஒருத்தர் "ஏ ஆப்பரேட்டரு, சவுண்ட வைப்பா" என்று கத்தினார். கூடவே விசில். உண்மையிலேயே சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். அடுத்து ஆட்டோ கிளம்பிய இடத்தில் காது அடைத்துவிட்டது.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். படத்தில் அந்தப் பெண் மீனா வாயைத் திறப்பதே அபூர்வம். அப்பத்தா என் பக்கம் சாய்ந்து, "ஏய்யா, அந்தப் புள்ளை ஏன் பேசவே மாட்டேங்குது?" என்று கேட்டது. அதற்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமாகத்தான் பேசும். முன் வரிசைக்காரர் திரும்பி, "பெரியம்மா, பேசணும்னா வீட்டுக்குப் போங்க" என்றார். அப்படிச் சொன்னவர் கையில் போன் எரிந்துகொண்டிருந்தது. படம் தொடங்கியதிலிருந்து அதில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில்தான் அப்பத்தா முகம் எனக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டது.

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தை விட்டுவிடக் கூடாது என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் இன்னும் அறுக்கிறது.

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ

எனக்கு நடந்தது வீட்டுக்குள். தீபாவளிக்கு 55 இன்ச் டிவி வாங்கினேன். எங்கள் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தியேட்டர் ஆப்பரேட்டர். ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் உள்ளே போனவர், ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் வெளியே வந்தார். 1952-ல் பராசக்தி படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரின் கட்டிடம் இப்போது இல்லை. ஆனாலும் அந்தத் தெருவில் போனால் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்வார். அப்படிப்பட்ட ஆள்.

முதல் படமாக நெட்ஃபிளிக்ஸில் மெய்யழகன் போட்டேன். அரவிந்த்சாமி ஊருக்குள் வந்து இறங்கி, கார்த்தியைப் பார்க்கிற இடம் வருவதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "தம்பி, இது சினிமா மாதிரி இல்லையே. கல்யாண வீடியோ மாதிரி வழுக்குது."

"உங்களுக்குப் பழைய டிவியே பழகிப்போச்சுப்பா. புது டெக்னாலஜி இப்படித்தான் தெளிவா இருக்கும்" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன், அத்தனை பணம் கொடுத்து வாங்கியிருந்தேன். அவர் பதில் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அந்தத் துண்டை உதறின சத்தம்தான்.

நாலு நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சினிமா நொடிக்கு 24 படம். டிவி அந்த 24-க்கு நடுவில் எடுக்கவே படாத படங்களைத் தானாக உண்டாக்கிச் செருகுகிறது, அசைவு மொழுமொழுவென்று தெரிய வேண்டும் என்று. வாழ்நாள் முழுக்க நொடிக்கு 24 ஓட்டிய கண்ணுக்கு அது அஞ்சு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. நான் அவருக்கே பாடம் எடுத்திருக்கிறேன். செட்டிங்கை அணைத்துவிட்டேன். "வாங்கப்பா, சரி பண்ணிட்டேன்" என்றால் "அப்புறம் பாப்போம்" என்கிறார்.

டவுன்ஹால் ரோடு

மேலூர் தம்பி, அப்பத்தாவைச் சொன்னது தப்பு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "சவுண்ட வை" என்று கத்தியவரைக் குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அதை ஏற்க முடியாது. இசை கிடையாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பெர்லின் விழாவுக்குப் போன படம் என்று போஸ்டரில் போடத் தெரிகிறது, பாட்டும் இசையும் இல்லாத படம் என்று ஒரு வரி போட்டால் என்ன? ஸ்பீக்கர் அவிந்த தியேட்டரில் உட்கார்ந்து பழகிய சனம் நாம். சத்தம் இல்லை என்றால் ரிப்பேர் என்றுதான் நினைப்போம். முடிவும் அப்படித்தான். என்ன ஆச்சு என்றே சொல்லாமல் விளக்கைப் போட்டுவிட்டார்கள். நாங்களும் நல்ல படம் தேடிப் போகிறவர்கள்தான். இதே வினோத்ராஜின் முந்தைய படம் கூழாங்கல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021-ல் டைகர் விருது வாங்கியபோது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அதற்காகக் கேள்வியே கேட்கக் கூடாதா?

மெய்யழகனையும் சொல்லிவிடுகிறேன். ரிலீஸ் ஆன பிறகு 18 நிமிஷத்துக்கு மேல் குறைத்தார்கள். குறைத்தது சரி. எல்லாரும் அதற்காக அழுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் கதை சின்னது. மகாராஜா, இடைவேளை. பக்கத்து சீட்டுப் பையன் போனில் கதையைத் தேடி எடுத்து, கடைசி வரை சத்தமாகத் தன் நண்பனுக்கு வாசித்தான். கையில் பாப்கார்னோடு நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கதையை முன்பின்னாகக் கலைத்து அடுக்கியதே அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துக்காகத்தான். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. இனி எத்தனை தடவை பார்த்தாலும் கிடைக்காது.

திருமங்கலம் சவுண்டு

எனக்கும் ஒன்று உண்டு. தலைக்கு மேலேயிருந்தும் சத்தம் வருகிற மாதிரி கேட்கவைக்கும் அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கி வந்து மாட்டினேன். படத்தில் மழை பெய்தது, தலைக்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் மகள் "மழை டிவிக்குள்ளேயே பெய்யுதேப்பா" என்றாள். எங்களுடையது ஓட்டு வீடு.

இப்போது ஆரப்பாளையம் தம்பிக்கும் மற்றவர்களுக்கும். அந்த அசைவு செட்டிங்குக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. படம் பார்க்கும்போது அதை அணையுங்கள், கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் டிவியில் ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கிறதா பாருங்கள். 2019-ல் அறிவித்தது, ஒரே அமுக்கில் இந்தச் சேட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிடும். போட்ட உடனே படம் மங்கலாக, மஞ்சளாகத் தெரியும். பயப்படாதீர்கள், ரெண்டு நாளில் கண் பழகிவிடும். கடையில் எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கிற மாதிரி நீலம் ஏற்றி வைத்திருப்பார்கள், அது கடை வெளிச்சத்துக்கு. வீட்டில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு போட்டால் போதும்.

வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஒல்லியான டிவியில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ முதுகுப்பக்கமோ பார்த்திருக்கும், சத்தம் சுவரில் அடித்துத்தான் உங்களுக்கு வரும். அது போக, படத்தில் பேச்சுக்கென்று நடுவில் தனி சேனல் உண்டு. ரெண்டு ஸ்பீக்கர் டிவி அதை மற்றதோடு கலந்துவிடும். சவுண்ட்பார் வாங்கினால் நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அது இருந்தாலே பாதிக் குறை தீரும். ராத்திரி நேரத்துக்கு நைட் மோட் போடுங்கள், பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும். டிவியில் ஆர்க் அல்லது ஈஆர்க் (ARC, eARC) என்று எழுதிய, சத்தத்தை வெளியே அனுப்புகிற ஹெச்டிஎம்ஐ துளையில்தான் வயரைச் சொருக வேண்டும், வேறு துளையில் சொருகிவிட்டு மூணு மாசம் சவுண்ட்பாரைத் திட்டியவர்கள் எனக்குத் தெரியும். மேலே பார்த்து அடிக்கிற ஸ்பீக்கர் சமமான கான்கிரீட் கூரையில் பட்டுத் திரும்பினால்தான் மழை தலையில் விழும். ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், சாய்வுக் கூரை எதற்கும் ஆகாது. கடைக்காரர் இதைக் கேட்கவே மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செல்லூர் மல்லி

அண்ணே, கூரை எல்லாம் இருக்கட்டும். மேலூர் தம்பி அப்பத்தாவுக்குக் காது மந்தம் என்று எழுதியதை யாருமே கண்டுகொள்ளவில்லையே.

எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். தியேட்டரில் சத்தம் தாங்காமல் காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார், படம் ஊமைப்படமாக ஓடும். கதையை வீட்டுக்கு வந்து நான் சொல்வேன். போன வருஷம் ப்ளூடூத் உள்ள மெஷின் மாற்றினோம். தம்பி டிவியோடு அதை இணைத்துக் கொடுத்தான்.

அன்றைக்கு மருமகன் தூங்கிக்கொண்டிருந்ததால் டிவி சத்தத்தை முழுசாகக் குறைத்திருந்தோம். நான் அடுப்படியில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். வீடே நிசப்தம். திடீரென்று அம்மா சிரித்தார். எட்டிப் பார்த்தால் வடிவேலு. எங்களுக்கு ஒரு சத்தமும் இல்லை, அம்மாவுக்கு மட்டும் கேட்கிறது. நான் சொல்லாமல், நான் விளக்காமல், சரியான இடத்தில் சிரிக்கிறார். நான் நூலைக் கையில் பிடித்தபடி நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் நான் சொன்ன கதையில் எதையெல்லாம் விட்டிருப்பேனோ.

தம்பி, அப்பத்தாவை ஒரு தடவை காது டாக்டரிடம் காட்டுங்கள். நம் பெரியாஸ்பத்திரியிலேயே பார்ப்பார்கள்.

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ

திருமங்கலம் அண்ணன் சொன்ன ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கிறது, போட்டுவிட்டேன். லைட்டையும் அணைத்தேன். அப்பா நேற்று வந்து வாசற்படியில் நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்தார், உட்காரவில்லை. ஆனால் அவர் கண் அடிக்கடி திரையின் வலது மேல் மூலைக்குப் போனது. ரீல் மாற்றச் சொல்லிப் புள்ளி வருகிற இடம் அது.

மேலூர் பையன்

செல்லூர் அக்கா, நன்றி, கட்டாயம் கூட்டிப் போகிறேன்.

டவுன்ஹால் ரோடு அண்ணனுக்கு: போஸ்டரில் ஒரு வரி போட்டிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். முடிவைப் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்னாடி எழுதும்போது இதை விட்டுவிட்டேன். படம் பார்த்துப் பத்து நாள் கழித்து, முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பத்தா தலையைத் தூக்காமல் கேட்டது: "ஏய்யா, அந்தப் புள்ளை இப்பவாச்சும் பேசிருக்குமா?"