ஆண்டுக்கு 340 கி.மீ. மட்டுமே ஓடும் மியாட்டாவை விற்றுவிடலாமா?

மழைக்கூரை:

என்னிடம் 1992ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா இருக்கிறது. முதல் தலைமுறை, 1.6 லிட்டர், சிவப்பு நிறம், ஐந்து கியர். பவர் ஸ்டீயரிங் கிடையாது. கையால் மடிக்கும் கூரை. வாங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது எனக்கு 33 வயது. வீட்டுக்கு, அம்மாவுக்கு, குழந்தைக்கு என்று எதையும் யோசிக்காமல், எனக்கே எனக்காக என் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள் அது.

போன வாரம் சர்வீஸ் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். முதல் ஆண்டில் 11,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். போன ஆண்டு 340. அதிலும் 90 கி.மீ. சர்வீசுக்குப் போய் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து மனது சரியில்லை.

ஓட்டப் பிடிக்காமல் போய்விட்டதா என்றால், இல்லை. ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நடுவில் நான். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் எந்த மாதிரித் தரையில் உருள்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். குட்டையான கியர் குச்சி. மணிக்கட்டை அசைத்தால் போதும், மூன்றாவது கியர் விழும். குதிரையும் வீரனும் ஓருடல் ஆவதைப் போல என்று இந்தக் காரை வடிவமைத்தவர்கள் சொன்னார்கள். 60 கி.மீ. வேகத்திலேயே அது எனக்குப் புரிந்துவிடும். வேகமாகப் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இடது தோள் இறுகிப்போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. உட்கார்ந்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கூரையை இழுத்து மூடுவது என் வழக்கம். அது போயிற்று. தோள் இப்போது பாதிக்கு மேல் குணமாகிவிட்டது, ஆனாலும் காரை எடுக்கும் பழக்கம் திரும்பவில்லை.

இதற்கிடையில் தெரிந்தவர் மூலமாக ஓர் இளைஞர் காரைப் பார்க்க வந்தார். வந்தவர் பெயின்ட்டைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து, கதவுக்குக் கீழே பின்சக்கரத்தை ஒட்டிய தகட்டைத் துரு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இருக்கைகளுக்குப் பின்னால் கூரைநீர் வடியும் துளைகளைச் சுத்தம் செய்வீர்களா என்று கேட்டார். இந்தக் கார் தெரிந்தவர் மட்டுமே கேட்கும் கேள்வி. மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பணம் அவசரமில்லை. கார் மூடிய கொட்டகையில் பத்திரமாக நிற்கிறது. என்னை உறுத்துவது ஒன்றுதான்: ஓட வேண்டியதை நிறுத்தி வைத்து வீணாக்குகிறேனா? இப்படி நிற்க வைப்பது அதற்கு நான் செய்யும் தவறா? விற்றவர்கள், விற்காதவர்கள் இருவருமே சொல்லுங்கள்.

பழையஇரும்பு:

அக்கா, விற்பதா வேண்டாமா என்பதற்கு முன்பு ஒன்று கேட்கிறேன். ஒரு ஞாயிறு காலை ஓட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த நொடியிலிருந்து சக்கரம் சாலையைத் தொடும் வரை என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

மழைக்கூரை:

சரி. முன்னால் நிற்கும் வீட்டுக் காரை வெளியே எடுக்க வேண்டும். அதன் சாவி கணவரிடம் இருக்கும். மியாட்டாவின் போர்வையைக் கழற்றி மடிக்க வேண்டும், அது இருவர் வேலை. பேட்டரி இறங்கிவிடும் என்பதால் கழற்றி வைத்திருக்கிறேன், டிக்கியைத் திறந்து அதை மாட்ட வேண்டும். பாதி நாள் மாட்டியும் கிளம்பாது, சார்ஜ் போட வேண்டும். டயரில் காற்று குறைந்திருக்கும், பம்ப் எடுக்க வேண்டும். பிறகு கூரை. எழுதும்போதுதான் தெரிகிறது, நாற்பது ஐம்பது நிமிடம் ஆகிவிடுகிறது. அதற்குள் வீட்டில் வேறு வேலை வந்துவிடும்.

பழையஇரும்பு:

நான் நினைத்ததும் அதுதான். உங்களுக்கும் காருக்கும் நடுவே ஐம்பது நிமிட வேலை நிற்கிறது. ஆசை குறைந்ததால் 340 ஆனதா, இந்த வேலையால் ஆனதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வேலையை அகற்றிவிட்டுப் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டுவதை இன்றோடு விடுங்கள். அளவோடு மின்னேற்றி நிறைந்ததும் தானே தணிந்துகொள்ளும் சிறிய சார்ஜர் ஒன்றை எப்போதும் இணைத்து வையுங்கள். மியாட்டாவுக்குப் பேட்டரி டிக்கியில் இருப்பதால் ஏஜிஎம் வகைதான் (அமிலம் தளும்பாமல் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும், மூடிய பேட்டரி) போட வேண்டும், அதன் வாயு வெளியேறும் குழாயும் மாட்டியிருக்க வேண்டும். சாதாரண பேட்டரியின் அமில ஆவி டிக்கித் தகட்டை அரித்துவிடும். கொட்டகை மூடியது என்றால் போர்வை எதற்கு? எடுத்து விடுங்கள். காரை முன்னால் நிறுத்துங்கள், வீட்டுக் கார் பின்னால் போகட்டும். இது கணவரிடம் பேச வேண்டிய விஷயம், ஆனால் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இதுதான்.

அடுத்து டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23வது வாரம். பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும் பத்து ஆண்டு தாண்டிய ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. மாற்றாமல் வளைவுகளுக்குப் போகாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நிற்கும் காரைப் பலர் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுகிறார்கள். அது நிற்க வைப்பதைவிடக் கெடுதல். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகும். எஞ்சினும் சைலன்சரும் முழுச்சூடு ஏறாவிட்டால் அந்த நீர் எண்ணெயிலும் குழாயிலும் தங்கிவிடும். எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பின் பிரேக் ஒட்டிக்கொள்ளாது. மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டேங்கை நிறைத்து, பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தைக் கலந்து வையுங்கள்.

இன்னொரு ஆறுதல்: உங்கள் 1.6 எஞ்சினில் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்) அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. வண்டி நின்றுவிடும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். அதற்காகப் பெல்ட்டை மறந்துவிட வேண்டாம்.

ஐந்தாம்கியர்:

நான் விற்றவன். போர்ஷே 944, 1987ஆம் ஆண்டுக் கார். அதன் எஞ்சின் அக்காவுடையதைப் போல மன்னிக்கும் எஞ்சின் அல்ல. பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். நான் மாற்றவில்லை. ‘பெல்ட் மாற்றிவிட்டு ஓட்டலாம்’ என்று சொல்லிச் சொல்லி நான்கு ஆண்டு நிறுத்தி வைத்தேன். அந்த நான்கு ஆண்டும் தினமும் அதைக் கடந்துதான் போனேன். கடைசியில் விற்றபோது டேங்கில் பெட்ரோல் கெட்டிருந்தது, கிளட்ச் ஒட்டியிருந்தது, டயர் நான்கும் தூக்கி எறிய வேண்டிய நிலை. வாங்கியவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விற்றதற்கு நான் இன்று வருந்தவில்லை. தாமதித்து விற்றதற்கு வருந்துகிறேன். நன்றாக ஓடும் நிலையில், நானே கடைசியாக ஒருமுறை ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். அது லாரியில் ஏறிப் போனது.

அதனால் அக்கா, முடிவு எதுவானாலும் பழையஇரும்பு சொன்ன வேலைகளை முதலில் செய்துவிடுங்கள். வைத்துக்கொண்டாலும் அவை தேவை, விற்றாலும் தேவை. அந்த இளைஞரிடம் மூன்று மாதம் அவகாசம் கேளுங்கள். துளையைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர் காத்திருப்பார்.

விலை ஏறும் என்பதற்காக மட்டும் வைத்திருக்காதீர்கள். மியாட்டா அரிய கார் அல்ல. முதல் தலைமுறை மட்டுமே நான்கு லட்சத்துக்கு மேல் தயாரானது. எல்லாத் தலைமுறையும் சேர்த்து 2016இல் பத்து லட்சத்தைத் தொட்டது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. விற்ற பிறகு ஏங்கினால் வேறொரு மியாட்டா கிடைக்கும். மாஸ்டாவே 2017இல் ஜப்பானில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்து, அதற்காகச் சில பாகங்களை மறுபடி தயாரித்தது. 19 ஆண்டு உங்களோடு இருந்த அந்தக் கார் மட்டும் கிடைக்காது. அதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

மூன்று மாதமும் எடுக்கும்போதெல்லாம் தேதியும் தூரமும் எழுதுங்கள். எடுக்க நினைத்து எடுக்காத நாளையும் காரணத்தோடு எழுதுங்கள். நான் அப்படி எழுதியிருந்தால் இரண்டாம் மாதமே விற்றிருப்பேன்.

தென்றல்திசை:

கூரையைப் பற்றி மட்டும். எனக்கும் முதல் தலைமுறை மியாட்டாதான், தோளில் அறுவை சிகிச்சை ஆனது. உட்கார்ந்தபடி ஒரு கையால் இழுப்பதை விட்டுவிடுங்கள் மேடம். இறங்கி, காருக்குப் பக்கத்தில் நின்று, கம்பிச்சட்டத்தை இரு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடித்து மெதுவாகக் கொண்டுவாருங்கள். தோள் உயரத்துக்கு மேல் கை போகாது, சட்டமும் ஒரு பக்கமாக முறுக்காது. திறக்கும்போது பின்பக்க ஜிப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைத்துவிட்டுத்தான் கூரையை மடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குளிரில் மட்டும் செய்யாதீர்கள், அந்த ஜன்னல் விறைத்து வெடித்துவிடும்.

மழைக்கூரை:

மூன்று மாதம் முடிந்தது. சொன்ன சொல்படி நோட்டோடு வந்திருக்கிறேன்.

டயர் எண்ணைப் பார்த்தபோது பயந்துவிட்டேன். பதினோரு ஆண்டு பழையது. நான்கையும் மாற்றினேன். பிரேக் எண்ணெயும் பெல்ட்டும் மாற்றியாயிற்று. கணவரிடம் இடம் மாற்றக் கேட்டேன். ‘இதை ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை?’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கேட்டிருந்தால் பத்து வருடம் முன்பே செய்திருப்பார்.

மொத்தம் 14 முறை எடுத்திருக்கிறேன், 1,120 கி.மீ. எடுக்க நினைத்து எடுக்காத நாள் ஐந்து. மூன்று நாள் மழை, ஒரு நாள் காய்ச்சல். ஐந்தாவது நாளுக்குக் காரணம் எதுவும் எழுத முடியவில்லை. சும்மா போகத் தோன்றவில்லை. அதை மறைக்காமல் எழுதி வைத்தேன்.

முதல் இரண்டு முறையும் பயமாக இருந்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாததால் திருப்பி நிறுத்தும்போது தோள் வலித்தது. சக்கரம் லேசாக உருளும்போது மட்டுமே திருப்பினால் பாரம் பாதியாகிறது என்று பழகிக்கொண்டேன். கூரையைத் தென்றல்திசை சொன்னபடி நின்றுகொண்டு மூடுகிறேன், வலியே இல்லை.

ஒன்பதாவது முறை, விடிவதற்கு முன்பு கிளம்பினேன். கூரை திறந்திருந்தது. ஆற்றை ஒட்டிய சாலையில் இறங்கியதும் காற்று சட்டென்று குளிர்ந்து நீர்வாசனை வந்தது. ஆறு இன்னும் கண்ணில் படவில்லை. கண்ணாடி மூடிய வீட்டுக் காரில் அதே வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், அங்கே காற்று மாறும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன்.

விற்கவில்லை.

அந்த இளைஞரை நேற்று அழைத்துச் சொன்னேன். வருத்தம் குரலில் தெரிந்தது. ஆனாலும் அவர் உடனே கேட்டது, அந்த வடிகால் துளைகளை இந்த முறை சுத்தம் செய்தீர்களா என்றுதான். டயரும் பெல்ட்டும் பார்த்த அவசரத்தில் அதை மறந்தே போயிருந்தேன். உண்மையைச் சொன்னேன். வளையும் நைலான் கம்பி ஒன்று வைத்திருக்கிறாராம், ஞாயிறன்று எடுத்து வருகிறேன் என்றார். முடிந்ததும் சாவியை அவரிடம் கொடுத்து, நான் பக்கத்தில் உட்காருவதாக இருக்கிறேன்.